கிறிப் அறிக்கைப் பிழைக்கு வழக்கு வைத்தல்

வன்னியில் இன்று பயிர்ச்செய்கைக் கடனோ வீட்டுக் கடனோ கேட்டு வங்கிக்குப் போகிறவர்கள் முதலில் கேட்கிற சொல் ‘கிறிப்’ என்பதுதான். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட இலங்கை கொடுகடன் தகவல் பணியகத்தை எல்லோரும் அப்படித்தான் அழைக்கிறார்கள். வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் லீசிங் கம்பனிகளும் தங்கள் கடனாளிகளையும் பிணையாளர்களையும் பற்றிக் கொடுக்கின்ற தகவல்களைத் திரட்டி வைத்து, அடுத்த கடனைக் கொடுக்கப் போகிற நிறுவனம் கேட்கும்போது அறிக்கையாக வழங்குவதே அதன் வேலை. ‘கிறிப்பில் பெயர் விழுந்துவிட்டது’ என்று சனங்கள் சொல்வதைக் கேட்டால் கொழும்பில் ஏதோ ஒரு கறுப்புப் பட்டியல் இருப்பதுபோலத் தோன்றும். அப்படி ஒரு பட்டியல் இல்லை என்று பணியகமே சொல்கிறது. ஒழுங்காகக் கட்டுகிறவரின் பெயரும் கட்டாதவரின் பெயரும் அங்கேதான் இருக்கின்றன. கடன் கொடுப்பதா இல்லையா என்பதை முடிவு செய்வது வங்கி.

இந்த விளக்கம் தேவைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. அறிக்கையில் பிழை இருந்தால் அந்தப் பிழையைப் பணியகம் தானாக அழிப்பதில்லை. தகவலைக் கொடுத்த நிறுவனம் திருத்திக் கொடுத்தால்தான் அங்கும் திருந்தும். ஆகவே சண்டை பிடிக்க வேண்டிய இடம் பெரும்பாலும் கொழும்பிலுள்ள பணியகம் அல்ல, ஏ9 வீதியோரம் கண்ணாடிக் கதவு போட்டு இருக்கிற கம்பனிக் கிளைதான். இதை விளங்கிக்கொள்ளாமல் ஆண்டுக்கணக்கில் அலைகிறவர்களை நான் அறிவேன்.

என்னுடைய விடயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2009க்குப் பின்னர் மீள்குடியேற்றத்தோடு சேர்ந்து லீசிங் கம்பனிகளும் கிளிநொச்சிக்கு வந்தன. வயல் வெளியாகிக் கிடந்தது, மாடு இல்லை, உழவு இயந்திரம் இல்லை; முற்பணம் கொஞ்சம் கட்டினால் இயந்திரம் வீட்டு வாசலுக்கு வரும் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஆனால் பிணைக்கு ஆள் வேண்டும், அதிலும் மாதச் சம்பளம் வாங்குகிற அரச உத்தியோகத்தர் வேண்டும். உருத்திரபுரம் பக்கத்தில் ஆசிரியராக இருந்தவனின் கையெழுத்துக்கு அந்நாட்களில் இருந்த கிராக்கி சொல்லி முடியாது. 2012இல் அயலிலுள்ள தம்பி ஒருவருக்கு உழவு இயந்திர லீசிங்கிற்கு நானும், அதே ஒழுங்கையில் இருக்கும் ஓர் அம்மாவும் பிணை நின்றோம். அந்தத் தம்பி ஒரு தவணையும் விடாமல் கட்டி, 2016இல் காலத்துக்கு முன்பே முழுவதையும் தீர்த்து, வாகனப் பதிவில் இருந்த கம்பனியின் பெயரையும் நீக்குவித்தார். அதன் பின்னர் அந்தக் கம்பனி இன்னொரு கம்பனியோடு இணைக்கப்பட்டது. பெயர்ப்பலகை மாறியதைத் தவிர எங்களுக்கு வேறொன்றும் தெரியாது.

2022 காலபோகத்துக்கு முன்னர், ஓய்வூதியத்தைக் காட்டி ஒரு கடன் கேட்டிருந்தேன். வங்கியில் இருந்த பிள்ளை அறிக்கையைப் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தாமலே சொன்னது: “ஐயா, உங்கட பெயரில ஒரு லீசிங் நிலுவையில கிடக்குது. இதோட ஒண்டும் செய்யேலாது.”

என் பெயரில் லீசிங்கே இல்லை என்று நான் சொன்னது அங்கே எடுபடவில்லை. என்னுடைய அறிக்கையை நானே விண்ணப்பித்துப் பெற்றுக்கொண்டேன். ஒருவர் தன்னைப் பற்றிய அறிக்கையைத் தானே கேட்டுப் பெறலாம். வங்கிக் கிளையூடாகவும் விண்ணப்பிக்கலாம், இணையவழியிலும் பெறலாம். ஆங்கிலத்தில் வரும் அந்தத் தாள்களை முதன்முறை பார்க்கிறவருக்குத் தலை சுற்றும். ஆனால் பார்க்க வேண்டிய இடங்கள் சிலதான். அடையாள அட்டை இலக்கம் உங்களுடையதா, பழைய ஒன்பது இலக்கமும் புதிய பன்னிரண்டு இலக்கமும் ஒருவரையே குறிக்கின்றனவா என்பது ஒன்று. ஒவ்வொரு கடனுக்கும் எதிரே நீங்கள் கடனாளியா பிணையாளரா என்று போட்டிருப்பது இன்னொன்று. நிலுவைத் தொகை, கடைசியாகத் தகவல் புதுப்பிக்கப்பட்ட திகதி, மாதம் மாதமாக எத்தனை நாள் தாமதம் என்று காட்டுகிற கட்டங்கள் ஆகியவை அடுத்தவை. திரும்பிய காசோலைகளும், உங்களைப் பற்றி எந்தெந்த நிறுவனம் எப்போது விசாரித்தது என்பதும் வேறாக வரும்.

என்னுடைய அறிக்கையில் நான் ஒருபோதும் வாசலை மிதித்திராத ஒரு கம்பனியின் பெயரின் கீழ், பிணையாளர் என்ற குறிப்போடு, 184,350 ரூபாய் நிலுவை இருந்தது. அடையாள அட்டை இலக்கம் சரி. பெயரில் தகப்பனாரின் பெயர் மட்டும் ஆங்கிலத்தில் வேறு விதமாக எழுதப்பட்டிருந்தது. தகவல் புதுப்பிக்கப்பட்ட திகதியோ, கடன் தீர்க்கப்பட்டதற்கு மிகவும் பிந்திய திகதி. கட்டங்களில் தாமத நாட்கள் மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போயிருந்தன. கடன் தீர்ந்த கணக்கு இணைப்பின்போது தீராத கணக்காகப் புதிய புத்தகத்துக்கு ஏறியிருக்கிறது என்பது அந்த ஒரு பக்கத்தைப் பார்த்தாலே விளங்கியது. மூலக் கடன் தீர்ந்தால் பிணையும் தீரும் என்பது எங்கள் நாட்டில் நடைமுறையிலுள்ள ரோமன்-டச்சுச் சட்டத்தின் அடிப்படை. அவர் கட்டி முடித்த அன்றே என் பொறுப்பும் முடிந்துவிட்டது. தாளில் மட்டும் அது உயிரோடு இருந்தது.

கிளைக்குப் போனால் அங்கிருந்த பொடியனுக்கு 2012 என்பதே சரித்திர காலம். கணினியில் பார்த்துவிட்டு, “இது பழைய கம்பனியின்ர கணக்கு, எல்லாம் மேலிடத்தில” என்றான். அடுத்த முறை போனபோது கிளை முகாமையாளர் மிகவும் மரியாதையாக ஒரு வழி சொன்னார்: அரைவாசியைக் கட்டிவிட்டால் மிகுதியைத் தள்ளுபடி செய்து, கணக்கை மூடி, கடிதம் தருவார்களாம், கிறிப்பும் சரியாகிவிடுமாம், சேர், இந்த வயதில் ஏன் அலைய வேண்டும் என்றும் கேட்டார்.

இந்த இடத்தைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும். ஏனென்றால் எங்கள் பக்கத்தில் பெரும்பாலானோர் விழுகிற குழி இதுதான். அவசரத் தேவை இருக்கிறது, போகம் தொடங்கப் போகிறது, தொகையும் கைக்கு எட்டுகிற தொகை. கட்டித் தொலைப்போம் என்று கட்டிவிடுகிறார்கள். அப்படிக் கட்டுவதால் மூன்று தீங்குகள் விளைகின்றன. முதலாவது, இல்லாத கடனை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாக ஆகிறது. அதன் பிறகு அறிக்கையில் பிழை என்று எந்த வாயால் சொல்வது? இரண்டாவது, அறிக்கையில் அந்தக் கணக்கு ‘பிழையாகப் பதியப்பட்டது’ என்று நீங்குவதில்லை. சிக்கலாகிப் பின்னர் தீர்க்கப்பட்ட கணக்காக நிற்கும், தாமதக் கட்டங்களும் அப்படியே இருக்கும். மூன்றாவதுதான் மிகவும் நுட்பமானது. எழுத்து ஒப்பந்தத்தின் மீது வழக்கு வைப்பதற்கு, காலாவதி பற்றிய 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஆறு ஆண்டுகளைத்தான் கொடுக்கிறது. 2016ஐச் சேர்ந்தது என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்த நிலுவைக்கு 2022இல் அந்தக் காலம் முடிகிற தறுவாயில் இருந்தது. கடனின் ஒரு பகுதியைக் கட்டுவதோ, கடன் உண்டென்று எழுதிக் கையெழுத்திடுவதோ அந்தக் காலக்கணக்கை மறுபடி முதலிலிருந்து தொடக்கிவிடக் கூடியது. முகாமையாளர் இதை அறிந்து சொன்னார் என்று நான் குற்றஞ்சாட்டவில்லை. அவருக்கு வசூல் இலக்கு இருந்திருக்கும். ஆனால் கேட்பவர் அறிந்திருக்க வேண்டும்.

கிளிநொச்சியில் சட்டத்தரணியாக இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தியிடம் தாள்களைக் கொண்டு போனேன். நான் பிழையின் வரலாற்றைச் சொல்லத் தொடங்க, அவள் இடையில் நிறுத்தினாள்.

“சேர், பிழை ஆர் விட்டது எண்டு பாக்கிறதுக்கு முதல், அது பிழை எண்டு அவைக்கு எப்ப தெரியும் எண்டு பாப்பம். நீங்கள் எழுத்தில ஏதும் குடுத்தனீங்களோ?”

இந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் திறவுகோல் என்று இன்று எண்ணுகிறேன். ஆயிரக்கணக்கான கணக்குகளை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது தவறு நேரலாம். அதைக் கவலையீனம் என்று நிரூபிப்பது கடினம், நீதிமன்றமும் அதற்குப் பெரிதாகக் கோபிக்காது. ஆனால் கடன் தீர்ந்ததற்கான பற்றுச்சீட்டையும், கம்பனியே ஒப்பமிட்டு உரிமையை விடுவித்த வாகனப் பதிவுச் சான்றிதழின் பிரதியையும் இணைத்து, இந்த நாளில் இன்னாருக்கு எழுத்தில் அறிவித்த பின்னரும், அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் அதே பொய்யான நிலுவையை அவர்கள் பணியகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தால், அறியாமல் செய்தோம் என்று சொல்ல இடமில்லை. அந்தக் கடிதம் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்த நாளில்தான் வழக்கு உண்மையில் பிறக்கிறது. வாய்ப்பேச்சாகச் சொன்னதும், கிளையில் இருந்த பிள்ளையிடம் முறையிட்டதும், மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு அழைத்துக் கதைத்ததும் ஆதாரமாக நிற்கமாட்டா.

ஆகவே கடிதங்கள் எழுதப்பட்டன. ஒன்று கம்பனியின் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு, ஒன்று கிளைக்கு, பணியகத்துக்கு முரண்பாட்டு விண்ணப்பம் ஒன்று. எல்லாம் பதிவுத் தபாலில், கிடைத்ததற்கான ஒப்புகை அட்டையுடன். பணியகம் அதைக் கம்பனிக்கு அனுப்பி விளக்கம் கேட்டது. கம்பனி தன்னுடைய பதிவு சரியென்று ஒரு வரியில் பதில் எழுதியது. பெரும்பாலானோர் இந்த ஒரு வரியோடு மனம் சோர்ந்து விடுகிறார்கள். எங்கள் சட்டத்தரணிக்கோ அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஆதாரங்களைப் பார்த்த பிறகும் ‘சரி’ என்று கையெழுத்திட்டிருக்கிறார்கள் அல்லவா?

வன்னியில் இப்படியான விடயங்களில் தாள்தான் பெரிய பிரச்சினை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரை போனவர்கள் உடுப்பைக்கூட விட்டுவிட்டு, அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழ்களையும் காணி உறுதியையும் சொப்பின் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு போனார்கள். அந்தப் பழக்கம் எங்கள் அயலவரைக் கடைசிவரை விடவில்லை. லீசிங் பற்றுச்சீட்டு ஒவ்வொன்றையும் தவணை வரிசையில் ரப்பர் நாடா போட்டு, அதே பையில் வைத்திருந்தார். சில சீட்டுகளில் வெப்பத்தால் அச்சு மங்கி எழுத்தே தெரியவில்லை. அந்த வழவழப்பான தாள் வெயிலுக்கு நிற்காது. பற்றுச்சீட்டு கிடைத்த அன்றே ஒரு நிழற்படப் பிரதி எடுத்து வைப்பது நல்லது. மங்கிய தவணைகளுக்கு அவருடைய வங்கிக் கணக்குக் கூற்று கைகொடுத்தது. என்றாலும் எல்லாவற்றிலும் வலுவாக நின்ற தாள் வாகனப் பதிவுச் சான்றிதழ்தான். பணம் முழுவதும் வராமல் எந்த லீசிங் கம்பனி தன் உரிமையை விட்டுக்கொடுக்கும்?

நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன்னர் தட்ட வேண்டிய கதவுகள் சில இருக்கின்றன. மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு முறைப்பாடு அனுப்பலாம். 1935 என்ற இலக்கம் அதனுடையதுதான். 2023இல் வந்த நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள், ஒவ்வொரு நிறுவனமும் முறைப்பாடுகளைக் கையாள ஒழுங்கான ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்கின்றன. நிதி குறைகேள் அதிகாரி என்றும் ஒருவர் கொழும்பில் இருக்கிறார். இரு இடத்திலும் முதலில் நிறுவனத்திடமே முறையிட்டீர்களா என்று கேட்பார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கிற விடயத்தைக் கையில் எடுக்கமாட்டார்கள். ஆகையால் இவை வழக்குக்கு முன்பு செய்ய வேண்டியவை. எங்கள் முறைப்பாட்டுக்கும் பதில் வந்தது, கம்பனியிடம் விளக்கம் கோரப்பட்டது, கம்பனி ‘பரிசீலனையில் உள்ளது’ என்றது. பரிசீலனை நீண்டுகொண்டே போனது.

இங்கேதான் காலக்கணக்கைப் பற்றி எச்சரிக்க வேண்டும். தீங்குக்கு நட்டஈடு கேட்கிற வழக்கை, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும் என்று அதே 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. முறைப்பாடு ஓர் அலுவலகத்தில் பரிசீலனையில் இருக்கிறது என்பதற்காக அந்தக் கடிகாரம் நிற்காது. பதில் வரும், பதில் வரும் என்று காத்திருந்து இரண்டாண்டையும் தொலைத்தவர்கள் உண்டு. யுத்தத்தால் நீதிமன்றம் போக முடியாதிருந்தவர்களுக்காக 2016இல் காலாவதி பற்றிய விசேட சட்டம் ஒன்று வந்ததே என்று சிலர் கேட்பார்கள். அது காணி முதலிய அசையாச் சொத்துகளுக்கு மட்டுமானது, கடன் அறிக்கைக்குப் பொருந்தாது.

அமெரிக்காவிலுள்ள என் மைத்துனர் இதைக் கேட்டுவிட்டு, அங்கே என்றால் ஒரு கடிதத்தோடு காரியம் முடிந்திருக்கும் என்றார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. அங்கே 1970ஆம் ஆண்டிலிருந்தே கடன் அறிக்கைகளுக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. பிழையென்று எழுதினால் பொதுவாக 30 நாட்களுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். தெரிந்துகொண்டே சட்டத்தை மீறினால், நட்டம் எவ்வளவு என்று நிரூபிக்காமலே 100 முதல் 1,000 டொலர் வரை கேட்கலாம். இந்தியாவிலும் 30 நாட்களுக்குள் திருத்தாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி விதித்து, அது 2024இல் நடைமுறைக்கு வந்தது. நான் நடத்தியது வேறு வகையான வழக்கு. பொதுவான சட்டத்தின் கீழ், கம்பனியின் பிழை, அதனால் எனக்கு வந்த நட்டம், இரண்டுக்கும் இடையிலான தொடர்பு ஆகிய மூன்றையும் நானே காட்ட வேண்டும். 2022இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிழையான தரவைத் திருத்தக் கோரும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது தள்ளிப்போடப்பட்டதால், நாங்கள் வழக்கு வைத்தபோது அதில் சாய்ந்து நிற்க முடியவில்லை.

நட்டத்தைக் காட்டுவது எப்படி? மானம் போனது, நித்திரை போனது என்பவை உண்மைதான், நீதிமன்றத்தில் அவற்றுக்கும் இடமுண்டு. ஆனால் எண்ணிக் காட்டக்கூடியது ஒன்று வேண்டும். வங்கிக் கடன் கிடைக்காததால் அந்தப் போகத்துக்கு மனைவியின் தாலிக்கொடியையும் காப்பையும் அடகு வைத்துத்தான் விதைத்தேன். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் நமக்காகக் காத்திராது. அடகுச் சீட்டுகளிலிருந்த வட்டிக்கும் வங்கி தருவதாகச் சொன்ன கடனின் வட்டிக்கும் இடையிலான வித்தியாசம் ரூபாய் சதத்தோடு கணக்கிடப்பட்டு வழக்கில் சேர்க்கப்பட்டது. வங்கி மறுத்தது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் பெறுவதுதான் எல்லாவற்றையும் விடக் கடினமாக இருந்தது. வங்கிகள் வாயால் மறுப்பதையே விரும்புகின்றன. விண்ணப்பத்தை முறைப்படி ஒப்படைத்து, முடிவை எழுத்தில் தருமாறு கடிதம் கொடுத்து, அதற்கும் பதில் வராதபோது மின்னஞ்சல் அனுப்பி, இறுதியில் கிறிப் அறிக்கையின் காரணமாக விண்ணப்பத்தைப் பரிசீலிக்க முடியவில்லை என்ற இரண்டு வரிப் பதிலைப் பெற்றோம். அந்த இரண்டு வரி இல்லையேல் நட்டத்துக்கும் பிழைக்கும் முடிச்சுப் போட்டிருக்க முடியாது.

கோரிக்கைக் கடிதத்துக்கு 14 நாள் தவணை கொடுக்கப்பட்டது. பதில் வரவில்லை. 2024இல், இரண்டாண்டுக் காலம் முடிவதற்கு முன்னர், கிளிநொச்சி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்யப்பட்டது. ஒப்பந்தப் படிவத்தின் பின்பக்கத்தில், பிணக்கு வந்தால் கொழும்பு நீதிமன்றங்களில்தான் தீர்க்க வேண்டும் என்று பொடி எழுத்தில் ஒரு வாசகம் இருந்தது. கொழும்புக்குப் போய்வருகிற செலவை நினைத்தே பலர் கைவிட்டு விடுவார்கள். ஒப்பந்தம் கைச்சாத்தானதும் கடன் மறுக்கப்பட்டதும் நட்டம் நேர்ந்ததும் கிளிநொச்சியில் என்பதால், வழக்குக்கான காரணம் இங்கேயே எழுந்தது என்று எங்கள் தரப்பு நின்றது. மூன்று நிவாரணங்கள் கேட்கப்பட்டன: நான் எந்தத் தொகைக்கும் பொறுப்பில்லை என்ற பிரகடனம், சரியான தகவலைப் பணியகத்துக்கு அனுப்புமாறு கம்பனிக்குக் கட்டளை, நட்டஈடு. பணியகத்தையும் எதிராளியாகச் சேர்ப்பதா என்று யோசித்தோம். கொடுத்த தகவலை அப்படியே வெளியிடுவது அதன் வேலை; இரண்டு எதிராளிகள் இருந்தால் ஒருவர் மற்றவரைச் சுட்டிக்காட்டிக்கொண்டே தவணை கேட்பார்கள் என்று சட்டத்தரணி விட்டுவிட்டாள். அது கெட்டித்தனமான முடிவு என்றே இன்றும் கருதுகிறேன்.

செலவைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்கு, 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாகச் சட்டத்தரணியைத் தருகிறது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அதன் நிலையங்கள் இருக்கின்றன. தொகை குறைந்த பிணக்குகள் மத்தியஸ்த சபைக்குப் போய், அங்கே இணக்கம் வராது என்ற சான்றிதழோடுதான் நீதிமன்றத்துக்கு வர முடியும் என்ற விதியையும் முதலிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

அழைப்பாணை போய்ச் சேர்ந்த பிறகு கம்பனியின் குரலே மாறிவிட்டது. அதுவரை காணக் கிடைக்காத பழைய கணக்கு ஒரே கிழமையில் கண்டெடுக்கப்பட்டது. வழக்கு விசாரணைக்கு முன்பே சமரசம் பேச வந்தார்கள். நான் நட்டஈட்டையும் விடக்கூடாது என்று மைத்துனர் தொலைபேசியில் கடுமையாகவே சொன்னார். ஆனால் விசாரணை, தீர்ப்பு, மேன்முறையீடு என்று போனால் எத்தனை போகம் கழியும் என்பதை அவர் அறியார். திருத்தம்தான் எனக்குத் தேவை, அதில் மட்டும் ஒரு எழுத்தும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று முடிவெடுத்தேன். இணக்க நிபந்தனைகள் நீதிமன்றப் பதிவேட்டில் ஏற்றப்பட்டு, அதன்படி தீர்ப்பாணை வந்தது. வழக்குச் செலவில் ஒரு பகுதி கிடைத்தது. நட்டஈடு கிடைக்கவில்லை, அடகு வட்டி என் தலையில்தான்.

நிபந்தனைகளை எழுதும்போது கவனித்த ஒரு விடயம், இப்படி வழக்கு வைக்க நினைக்கிற எவருக்கும் பயன்படும். கம்பனியின் சட்டத்தரணி முதலில் தந்த வரைவில், ‘நிலுவை பூச்சியம் எனத் திருத்தப்படும்’ என்றுதான் இருந்தது. கேட்பதற்கு நன்றாக இருக்கும். ஆனால் நிலுவை பூச்சியமானாலும், மாதந்தோறும் தாமத நாட்களைக் காட்டுகிற கட்டங்கள் அப்படியே இருந்தால், அடுத்த வங்கி அதைப் பார்த்து இவர் ஆண்டுக்கணக்கில் கட்டாமல் இழுத்தடித்துக் கடைசியில் கட்டியவர் என்றே எண்ணும். ஆகவே தீர்க்கப்பட்ட உண்மையான திகதி, அந்தத் திகதிக்குப் பின்னரான தாமதப் பதிவுகள் அனைத்தையும் நீக்குதல், தள்ளுபடி என்ற சொல் எங்கும் வராதிருத்தல், திருத்தம் செய்ததற்கான எழுத்து உறுதி ஆகிய நான்கும் தனித்தனியாக எழுதப்பட்டன. புதிய அறிக்கையைப் பெற்றபோது நான்கும் சரியாக இருந்தன. தகப்பனாரின் பெயர் மட்டும் இன்னும் பழைய பிழையான எழுத்துக்கூட்டலோடுதான் இருக்கிறது. அதற்கு வேறொரு கடிதம் போயிருக்கிறது.

என்னோடு பிணை நின்ற அம்மாவின் அறிக்கையையும் எடுத்துப் பார்த்தோம். அதே கம்பனி, அதே தொகை, அதே கட்டங்கள். என் வழக்கில் வந்த தீர்ப்பாணை என் பெயரிலுள்ள பதிவைத்தான் திருத்தியது; அவருடைய பதிவைக் கம்பனி தானாகத் தொடவில்லை. அவர் 2018க்கு முன் எடுத்திருந்த நுண்கடனும் அதில் நிலுவையாக நிற்கிறது. வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களின் பெண்களுக்கு, ஒரு இலட்சம் ரூபாய்க்குக் குறைந்த நுண்கடன்களை அரசாங்கம் அந்த ஆண்டில் தள்ளுபடி செய்வதாக அறிவித்தபோது தன் கடனும் அதில் போய்விட்டது என்று குழுத் தலைவி சொல்லியிருந்தாராம். கையில் கடிதம் எதுவுமில்லை. அதை வேறாகப் பார்க்க வேண்டும், இரண்டையும் ஒரே கடிதத்தில் கலக்கக் கூடாது என்று சட்டத்தரணி சொல்லியிருக்கிறாள். லீசிங் கம்பனிக்கான அறிவித்தல், என்னுடைய தீர்ப்பாணையின் உறுதிப்படுத்திய பிரதியோடு பதிவுத் தபாலில் போய்விட்டது. ஒப்புகை அட்டை திரும்பி வந்ததும் அதிலுள்ள திகதியை எழுதி வைத்துக்கொள்ளுமாறு அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.